முனியாண்டிக்கு மூன்று ஹார்ன்

காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் சிரித்த சிரிப்பில், வகுப்பு முழுவதும் அவரவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது.

வெளியே மழை. நின்றுவிட்டது என்று நம்பிக் குடையை மடக்கினால் மறுபடி தொடங்குமே, ஜொகூர் பாருவின் அந்த ஆண்டுக்கடைசி மழை. உள்ளே குளிரூட்டி தன் பங்குக்கு உறுமிக்கொண்டிருந்தது.

“என்னக்கா? அவ்ளோ மோசமாவா இருக்கு?” என்றாள் வள்ளி. நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தது அவளுடைய படைப்பு. முகம் சுருங்கிவிட்டது, பாவம்.

பொறு என்று கையைக் காட்டினேன். வாயைத் திறந்தால் இன்னும் சிரிப்பு வரும் போலிருந்தது. ஒருவழியாக அடங்கி, மறுபடி ஹெட்போனை மாட்டி மிச்சத்தைக் கேட்டேன். அந்த மிச்சத்தில் அழுதுவிட்டேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று வகுப்பு நினைத்துக்கொண்டது. நானும் மறுக்கவில்லை.

இந்த வயதில் பள்ளிக்கூடம்

மெர்சிங் படகில் நான் வாந்தி எடுத்த கதையை இந்தத் தொடரில் படித்துவிட்டு, ‘இந்த வயதில் இவருக்கு எதற்குத் தீவும் படகும்?’ என்று ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருந்தார். அவருக்கு இந்த வாரம் இன்னும் நல்ல தீனி கிடைக்கும். இந்த வயதில் நான் பள்ளிக்கூடமும் போகிறேன்.

சனிக்கிழமை வகுப்பு. ஒலிப்பதிவு செய்து கதை சொல்லக் கற்றுத் தருகிறார்கள். வாரம் முழுவதும் கிளினிக் கவுண்டரில் உட்கார்ந்து ஊரார் இருமலைக் கேட்கிறேன். ஒரு நாளாவது வேறு சத்தம் கேட்போமே என்று சேர்ந்தேன். பணம் கட்டியாயிற்று என்று தெரிந்ததும் என் கணவர் மணியம், “உனக்கு பேசத்தான் வரும், கேக்க எங்க வரும்?” என்றார். மனுஷர் பேசுவதே குறைவு. பேசினால் இப்படித்தான்.

எங்கள் ஆசிரியை ரோஹானா. ஆசிரியரை மலாயில் அழைக்கும் வழக்கப்படி, ‘சிக்கு’ ரோஹானா. அந்தப் பருவத்துக்கு அவர் கொடுத்த வேலை ‘ஒலிக்காட்சி’. ஒரு படம் எப்படி ஓர் இடத்தைக் கண்ணுக்குக் காட்டுகிறதோ, அப்படி வெறும் சத்தத்தை வைத்தே ஓர் இடத்தைக் காட்ட வேண்டும். ஒருவர் செய்து கொண்டுவருவார், மற்றவர்கள் கேட்டுவிட்டுப் பதில் எழுத வேண்டும். ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதத் தடை. கேட்டபோது உங்களுக்குள் என்ன நடந்தது என்று எழுத வேண்டும்.

இதில்தான் எனக்கு வம்பு. எனக்குள் நடப்பதெல்லாம் கிண்டல். ஒருவர் தன் வீட்டுச் சமையலறையைப் பதிவு செய்து வந்தார். ‘உங்கள் பிளெண்டருக்கு ஆஸ்துமா, எங்கள் கிளினிக்குக்கு அழைத்து வாருங்கள்’ என்று எழுதிக் கொடுத்தேன். சிக்கு ரோஹானா அதன் கீழே சிவப்பு மையில், ‘இது பிளெண்டரின் நிலைமை. உங்கள் நிலைமை என்ன, விமலா?’ என்று எழுதித் திருப்பித் தந்தார்.

என் நிலைமை அப்போது அவ்வளவு நன்றாக இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

வள்ளியின் கோபம்

வகுப்பில் தமிழ் பேச எனக்கிருந்த ஒரே துணை வள்ளி. முழுப்பெயர் வள்ளியம்மை. செட்டிநாட்டுக் குடும்பம், மாமனார் வீட்டில் வியாபாரம், நீரிணையைப் பார்த்த பால்கனி. அவள் பேசும் தமிழைக் கேட்டால் கல்யாணப் பத்திரிகை நினைவுக்கு வரும். நாங்களோ ரப்பர்த் தோட்டத்திலிருந்து பாசிர் கூடாங்கில் ஒரு தாமான் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தவர்கள். எங்கள் தமிழ் பாதி வழியில் மலாயையும் ஏற்றிக்கொண்டு வந்தது. அதனாலேயோ என்னவோ, இருவருக்கும் நன்றாக ஒத்துப்போயிற்று.

அவள் தன் ஒலிக்காட்சிக்கு வைத்த தலைப்பு ‘கோபம்’. பாசிர் கூடாங்கில் இருக்கும் கிடங்குக்குக் கணவரை விடியுமுன் கொண்டுபோய் விட்டுவிட்டு, வரும் வழியில் ஒரு வளைவில் காரை ஓரங்கட்டி, ஜன்னல் வழியாக மைக்கை நீட்டியிருக்கிறாள். தொழிற்சாலை பஸ்கள், லாரிகள், கூட்டம் கூட்டமாக மோட்டார் சைக்கிள்கள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் ஹார்ன் அடிக்கிறார்கள். விடிவதற்குள் மக்களுக்கு ஏன் இத்தனை ஆத்திரம் என்று தன் மனமே உடைந்துவிட்டதாக வகுப்பில் சொன்னாள்.

வகுப்புக்கும் உடைந்தது. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் தன் கழுத்து இறுகியதாகச் சொன்னார். முன் வரிசைப் பெண், நகர வாழ்க்கையின் வன்முறை என்று கண்ணை மூடிக்கொண்டு பேசினாள். பிறகு என் முறை வந்தது.

“வள்ளி, காரை எங்க நிறுத்துன?”

“அந்த வளைவுலக்கா. பெரிய மரம் ஒண்ணு இருக்கும், எதிர்ல பெட்ரோல் ஸ்டேஷன்.”

“மரத்துக்கு அடியில என்ன இருந்துச்சு?”

“ஒரே இருட்டு. சின்னதா ஏதோ கொட்டகை மாதிரி...”

“அலமாக்! அது கொட்டகை இல்லடி, முனியாண்டி கோயிலு. அவங்க கோவப்படல. கும்பிட்டுட்டுப் போறாங்க.”

இந்தப் பக்கத்தில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேலைக்குப் போகிற அவசரத்தில் இறங்கிச் சூடம் ஏற்ற யாருக்கு நேரம்? சாலையோர முனியாண்டியைக் கடக்கும்போது ஹார்னை ஒரு தட்டு தட்டினால் கும்பிட்ட மாதிரி. அவரும் பெரிதாக எதிர்பார்ப்பதில்லை. அந்தக் காலத் தோட்டத்து லாரி தொடங்கி இன்றைய பஸ் வரைக்கும் இதுதான் வழக்கம்.

வள்ளி வாயில் கையை வைத்துக்கொண்டாள். “ஐயோ அக்கா! என் காரு இடைஞ்சலா நிக்குதுன்னு திட்டுறாங்கன்னு நினைச்சேன். ஒவ்வொருத்தருக்கும் கையத் தூக்கி சாரி சாரின்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்.”

“நல்லதாப் போச்சு. முனியாண்டிக்கு வந்த கும்பிடு எல்லாத்தையும் நீ வாங்கிக்கிட்டு, பதிலுக்கு ஆசீர்வாதமும் பண்ணிருக்க.”

இதை நான் மலாயில் மொழிபெயர்த்துச் சொன்னதும் வகுப்பு சிரிப்பில் இடிந்து விழுந்தது. வங்கி அதிகாரி கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இறுக்கம் போய்விட்டதா என்று நான் கேட்கவில்லை.

சிக்கு ரோஹானா மட்டும் சிரித்து முடித்துவிட்டு, “அப்புறம் ஏன் அழுதீர்கள்?” என்றார். அந்த அம்மாவுக்குக் காது மட்டுமல்ல, கண்ணும் கூர்மை.

எங்கள் வீட்டு வாத்து

அழுததற்குக் காரணம் ஒரு வாத்து.

என் கணவரின் மோட்டார் சைக்கிள் ஒரு வெள்ளத்தில் முங்கி எழுந்தது. அன்றிலிருந்து அதன் ஹார்ன், தொண்டை கட்டிய வாத்தைப் போலக் கத்தும். மாற்றச் சொல்லிச் சொல்லி நான் ஓய்ந்துவிட்டேன். ‘சத்தம் வருதா இல்லையா? அது போதும்’ என்பார். பக்கத்துத் தெருக் குழந்தைகள் அவரை வாத்து அங்கிள் என்றுதான் கூப்பிடுகின்றன.

வள்ளியின் ஒலிக்காட்சியில், பஸ்களுக்கு நடுவே முதலில் ஒரு சின்ன ஹார்ன் வந்தது. பிப் பிப் பிப் என்று துள்ளிக்கொண்டு மூன்று. முனியாண்டிக்கு எல்லாரும் ஒன்று அடிப்பார்கள், பக்தி முற்றியவர்கள் இரண்டு. மூன்று அடிப்பது எனக்குத் தெரிந்து ஒரே ஆள். என் மகள் தர்ஷினி.

சின்ன வயதில் அப்பாவின் மோட்டாரில் முன்னால் உட்கார்ந்துகொண்டு, முனியாண்டி வந்ததும் ஹார்ன் பொத்தானை அவள்தான் அமுக்குவாள். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று கணக்கு. இப்போது தன் சொந்த மோட்டாரிலும் அதே பழக்கம்.

மகளின் ஹார்னை அடையாளம் கண்டதும் எனக்குச் சந்தோஷம். அடுத்து வந்ததுதான் வாத்து. ஒரு காதிலிருந்து மறு காதுக்கு, அவள் போன அதே திசையில், அவளுக்குப் பின்னாலேயே. அதுவும் மூன்று.

சற்று நேரம் பஸ்களும் லாரிகளும் போயின. மறுபடி வாத்து. இந்த முறை எதிர்த் திசையிலிருந்து திரும்பி வருகிறது. மறுபடி மூன்று.

அவர் வேலை செய்யும் தொழிற்சாலை அந்தப் பக்கமே இல்லை. நேர் எதிர்ப்பக்கம்.

பூனை வழித் தபால்

இப்போது என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன்.

தர்ஷினிக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. இங்கிருக்கிற ஆயிரமாயிரம் பிள்ளைகளைப் போல அவளும் விடியுமுன் மோட்டாரில் பாலத்தைக் கடந்து போவதாகச் சொன்னாள். அப்பா கூடாது என்றார். பஸ்ஸில் போனால் இன்னும் சீக்கிரம் எழ வேண்டும், வரிசையில் நின்றே வாழ்க்கை போய்விடும் என்றாள் அவள். “மோட்டார்ல போறதா இருந்தா என்கிட்ட பேசாத” என்றார். “சரி” என்றாள். பிடிவாதத்தில் அப்பனும் மகளும் ஒரே அச்சு.

அன்றிலிருந்து மாதக்கணக்காக வீட்டில் இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் அவருக்குப் பேசாமல் இருக்கவும் முடியவில்லை. மழைக்கு ஒதுங்கி வந்து எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்ட ஒரு பூனை உண்டு. அதனிடம் சொல்லுவார். “இன்னைக்கி மழை வருமாம். சில பேரு ரெயின்கோட்டு இல்லாம கெளம்புறாங்க.” பூனை கொட்டாவி விடும். மகள் ரெயின்கோட்டை எடுத்துக்கொள்வாள். “முன் டயர்ல காத்து கம்மியா இருக்கு” என்பார் பூனையிடம். பூனைக்கு ஏது டயர்?

இன்னொரு கூத்து. அவள் கிளம்பிய சற்றைக்கெல்லாம் இவரும் கிளம்பிவிடுவார். கேட்டால், தாமான் முனையில் இருக்கும் கடைக்குத் தே தாரிக் குடிக்கப் போவதாகச் சொல்வார். கல்யாணமான நாளிலிருந்து என் டீயைக் குடித்தவர், இப்போது கடை டீயைத் தேடிப் போகிறார். அந்தக் கடைக்காரர் மீது எனக்கு வந்த பொறாமையைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே புலம்பியிருக்கிறேன்.

சிரித்துக்கொண்டே சொல்கிறேனே தவிர, வீடு வீடாக இல்லை. ஒரு நாள் தர்ஷினி சிங்கப்பூரில் ஒரு அறை பார்த்திருப்பதாகச் சொன்னாள். வரும் ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்ல வேண்டுமாம். “ஏன்டி?” என்றேன். “தூரம்மா” என்றாள். தூரம் எதில் என்று எனக்குத் தெரியும் என நினைத்தேன். அப்பா பேசாத வீட்டில் எந்தப் பெண் இருப்பாள்? ஒரே பெண். அவள் போய்விட்டால் அந்த வீட்டில் நானும் அவரும் பூனையும்தான். என்னால் அதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பாலோ சாலையில்

அவரைப் பற்றிக் கேலியாகவே சொல்லிக்கொண்டு போனால் பாவம் என்னைச் சேரும். ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அவர் பாலோ பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அவருக்கு ஒரு தம்பி, பெயர் ரவி. என் கொழுந்தன். நான் வைக்கும் குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் ‘அண்ணி, பிரமாதம்’ என்று சொல்லும் ஒரே ஜீவன். மோட்டார் என்றால் உயிர். பாலோவிலிருந்து குளுவாங் போகிற வழியில், ஒரு மழை நாளில், லாரியின் பின்னால் மோதிப் போய்விட்டான். இளம் வயது.

ரவி எந்த முனியாண்டியையும் ஹார்ன் அடிக்காமல் கடந்ததில்லை. காரியமெல்லாம் முடிந்து வீடு திரும்பும்போது, எங்கள் வளைவு முனியாண்டியை இவர் ஹார்ன் அடிக்காமல் கடந்தார். முன்னால் உட்கார்ந்திருந்த தர்ஷினி பொத்தானுக்குக் கையை நீட்டினாள். கையை எடுத்து விட்டார். “அவனுந்தான் அடிச்சான்” என்றார், அவ்வளவுதான்.

அதன்பின் அவர் எந்தச் சாமிக்கும் ஹார்ன் அடித்து நான் கேட்டதில்லை. அந்த மனுஷருடைய வாத்துதான் வள்ளியின் மைக்கில், போகும்போது மூன்று, திரும்பும்போது மூன்று என்று கத்திவிட்டுப் போயிருக்கிறது. இதைக் கேட்டு அழாமல் வேறு என்ன செய்வது?

வெட்டி எடுத்த அரை மணி நேரம்

வகுப்பு முடிந்ததும் படிக்கட்டில் வள்ளியைப் பிடித்தேன்.

“சத்தத்தை எல்லாம் இடம் மாத்தி ஒட்டினியா?”

“இல்லக்கா, வரிசை அப்படியேதான். சும்மா இருந்த எடத்த மட்டும் வெட்டினேன்.”

“அந்த வாத்து மாதிரி கத்துச்சே ஒண்ணு. அது போனதுக்கும் திரும்பி வந்ததுக்கும் நடுவுல எவ்ளோ வெட்டின?”

“அரை மணி இருக்கும். யாருக்கா அது?”

“எங்க வீட்டு ஆளு” என்றேன். வள்ளி ஃபைலை என் போனுக்கு அனுப்பிவிட்டு, குடையையும் என் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

அரை மணி நேரத்தில் நெடுஞ்சாலையின் தொடக்கம் வரை போய்விட்டுத் திரும்பலாம். அந்த இடத்துக்குமேல் அவளோடு போக ஆயிரம் மோட்டார்கள் சேர்ந்துகொள்ளும். அதுவரைக்கும் இருட்டான சாலை. தே தாரிக் கடைக்காரரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஆனால் என்ன செய்வது? நேராகக் கேட்டால் மனுஷர் கூச்சத்தில் போவதை நிறுத்திவிடுவார். கேட்காவிட்டால் பெண் பெட்டியைக் கட்டிவிடுவாள்.

வீட்டுப்பாடம்

ஞாயிற்றுக்கிழமை. அவர் நாளிதழுக்குப் பின்னால் இருந்தார். தர்ஷினி சோபாவில் போனும் கையுமாக. நான் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து நடு மேசையில் வைத்தேன்.

“எனக்கு ஹோம்வர்க். கேட்டுட்டு மனசுல என்ன தோணுச்சுன்னு சொல்லணும். ரெண்டு பேரும் உதவி பண்ணுங்க.”

“எனக்கு எங்கம்மா நேரம்? ரூம்காரங்களுக்கு மெசேஜ் போடணும்.”

“அஞ்சு நிமிஷந்தான் லா. கேட்டுட்டுப் போடு.”

பஸ்கள் போயின. பிப் பிப் பிப். தர்ஷினி நிமிர்ந்தாள். “ஏய், இது நானு!” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் வாத்து கத்தியது.

நாளிதழ் அசையவில்லை. அசைந்தது பூனை. நாற்காலிக்கு அடியிலிருந்து எழுந்து, வாலைத் தூக்கிக்கொண்டு, நேராக வாசல் கதவுக்குப் போய் நின்றது. தினமும் அவர் வேலை முடிந்து வரும்போது அப்படித்தான் போய் நிற்கும். தர்ஷினி பூனையைப் பார்த்தாள், பிறகு நாளிதழைப் பார்த்தாள்.

“எங்கயோ பழைய மோட்டாரு” என்றார் நாளிதழுக்குப் பின்னாலிருந்து, பூனையிடம். “ஊர்ல எத்தனையோ மோட்டாரு ஓடுது.”

ஸ்பீக்கரில் வாத்து திரும்பி வந்தது. பூனை குழம்பிப்போய்க் கதவைப் பிறாண்டியது.

தர்ஷினியின் முகம் மாறியது. “ம்மா” என்றாள். “ஒத்த லைட்டும்மா. மங்கலா இருக்கும். தெனமும் என் கண்ணாடியில தெரியும். நான் வேகமா போனா அதுவும் வேகமா வரும். மெதுவா போனா அதுவும் மெதுவா வரும். ஹைவே ஏறுனதும் காணாம போயிரும். ஹெல்மெட்டுக்குள்ள, பஸ் சத்தத்துல ஹார்னு எதுவும் கேக்கல. யாரோ என்ன ஃபாலோ பண்றாங்கன்னு பயந்துதாம்மா நான் ரூம் பாத்தேன்.”

“என்கிட்ட ஏன்டி சொல்லல?”

“உங்ககிட்ட சொன்னா அவருகிட்ட சொல்லுவீங்க. அவரு சாவிய புடுங்கிருவாரு.”

எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. பெண் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்று பின்னாலேயே போய், அந்தப் பெண்ணை ஊரைவிட்டே துரத்தப் பார்த்த தகப்பன் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

நாளிதழ் இறங்கியது. இத்தனை வருடத்தில் அந்த முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. எழுந்து வெளியே போனார். மத்தியானம் முழுவதும் மோட்டாரின் முன்விளக்கைக் கழற்றி, துடைத்து, புது பல்பு போட்டுக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் வரவில்லை. தர்ஷினி ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை எடுத்து, ரூம் வேண்டாம் என்று செய்தி அனுப்பினாள்.

சாயங்காலம் பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, வாசலுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். “நாளைக்கு கொஞ்சம் கிட்டவே வரச் சொல்லு. அவ்ளோ தள்ளி வந்தா நடுவுல லாரி பூந்துருது.”

என் பதில்

வள்ளிக்கு நான் இன்னும் எழுத்தில் பதில் கொடுக்கவில்லை. அவள் தலைப்பை மாற்றுவதா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மாற்றாதே என்றேன். அந்தச் சத்தத்தில் கொஞ்சம் கோபமும் இருக்கிறது, அது எந்த வீட்டுக் கோபம் என்று எனக்குத்தான் தெரியும். சிக்கு ரோஹானாவும் வள்ளியும் இந்த வாரக் கட்டுரையையே என் பதிலாக வைத்துக்கொள்ளட்டும். கேட்டபோது எனக்குள் நடந்தது இதுதான்.

அந்த ஞாயிறுக்கு மறுநாள், இன்னும் விடியவில்லை, தூறல். இரண்டு குவளையில் டீ போட்டேன். இருவரும் குடித்தார்கள். கடை டீயைப் பற்றி யாரும் பேசவில்லை.

வாசலில் இரண்டு மோட்டார்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. பூனை செருப்புகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தது. அவர் ஹெல்மெட்டை மாட்டி, வாரை இழுத்துக் கட்டி, தொண்டையைக் கனைத்தார்.

“ரெயின்கோட்டு எடுத்துக்கிட்டியா?”

பூனை தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

“எடுத்துக்கிட்டேம்பா” என்றாள் தர்ஷினி. “வாங்க, போலாம்.”